மெழுகுவத்தியின் அடிப்பக்கம்

பொய்ப்பல் செய்து பிழைக்கிற ஒருத்தியிடம் பொய்க்கல்லை விற்றுவிட்டு ஒரு மனுஷன் ஒன்பது வருடம் நிம்மதியாகத் தூங்க முடியுமா? வெல்வெட்காரர் தூங்கினார். அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை, விற்கிறவன் தூங்கத்தான் செய்வான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஊரார் கல்லையெல்லாம் ஆராய்ந்த பல்லக்கா தூங்கினாளே, அதைத்தான் சொல்ல வந்தேன்.

பல்லக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. கல் சேர்க்கிறவர்களின் கைப்பேசிக் குழு ஒன்று இருக்கிறது, முந்நூற்றுப் பத்துப் பேர். அவர்கள் வைத்த பெயர். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்பும் அச்சில் ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றித் தாடை செய்து, அந்தத் தாடையில் இல்லாத பல்லை இருக்கிற பல்லைப்போலவே பீங்கானில் செய்து அனுப்புவது அவள் தொழில். மூன்றாவது மாடி வீட்டின் பின்னறைதான் லேப். இரண்டு மேசை, பீங்கான் சுடுகிற சின்ன உலை ஒன்று, ஊற்றிய மாவைக் குலுக்கிக் குமிழி போக்குகிற தட்டு ஒன்று, கீல் வைத்த தாடைகள் வரிசையாக ஒரு பலகையில். புதிதாக வருகிறவர்கள் அந்தப் பலகையைப் பார்த்ததும் ஓரடி பின்னால் போவார்கள். நாற்பது வாய் ஒரே சமயத்தில் சிரித்தால் யாருக்குத்தான் பயம் வராது!

அந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் உண்டு, ஓடாது. இத்தனைக்கும் பல்லக்காவின் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள உயரமான கட்டடமெல்லாம் அவர் கைபட்டுத்தான் ஏறி இறங்குகிறது.

"ஊருக்கெல்லாம் லிஃப்ட், எனக்கு மட்டும் படிக்கட்டா?" என்று அவள் மூச்சிரைக்கக் கேட்பாள்.

"உனக்குக் கடைவாய்ப்பல் விழுந்து எத்தனை வருஷமாச்சு? ஊருக்கெல்லாம் பல்லு செய்யறவ, உனக்கு ஒண்ணு செஞ்சு மாட்டிக்கிட்டியா?" என்பார் அவர். இல்லாத பதிலை மறைக்க அவள் இன்னும் நாலு வார்த்தை சத்தமாகப் பேசுவாள்.

பத்தொன்பது வயதில் ஒரு பெரிய லேபில் மாவு ஊற்றச் சேர்ந்தவள் அவள். அங்கே பெண்களுக்கு மாவு, ஆண்களுக்குப் பீங்கான். அது எழுதாத சட்டம். "பொம்பளக் கைக்குப் பீங்கான் சரிப்படாது, அவசரப்படுவாங்க" என்பார் முதலாளி. ஏழு வருடம் மாவு ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே ஓரக்கண்ணால் பீங்கான் மேசையைப் பார்த்தாள். தூரிகையில் எவ்வளவு ஈரம், எந்த அடுக்குக்கு எந்த நிறம், பல்லின் நுனி ஏன் கண்ணாடிபோல இருக்கவேண்டும், எல்லாம் பார்த்தே படித்தாள். ஒருநாள் பீங்கான்காரர் காய்ச்சலில் படுத்தார். அவசரமாக ஒரு முன்பல் போகவேண்டியிருந்தது. யாரையும் கேட்காமல் உட்கார்ந்து செய்து பெட்டியில் வைத்தாள். டாக்டர் போன்போட்டு, இந்த மாதிரி வேலையை நான் பார்த்ததே இல்லை என்றார். முதலாளி காய்ச்சல்காரரைக் கூப்பிட்டுப் பாராட்டினார்.

"அது நான் செஞ்சது" என்றாள் இவள்.

முதலாளி சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். மேலங்கியைக் கழற்றினாள், நாலாக மடித்தாள், முதலாளி மேசையில் வைத்தாள், "இனிமே மாவையும் நீங்களே ஊத்திக்குங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். மூன்று மாதம் ஈயோட்டினாள். நாலாவது மாதம் அந்த டாக்டர், முன்பல்லை உண்மையில் செய்தது யார் என்று விசாரித்துக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தார். அன்றைக்குத் தொடங்கியதுதான் பின்னறை லேப்.

அந்த வருடக் கடைசியில் தனக்குத்தானே ஒரு பரிசு வாங்கிக்கொண்டாள். அதுதான் மெழுகுவத்தி.

சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் கல் பைத்தியம். ஆற்றோரக் கூழாங்கல், சாலைக்குக் கொட்டுகிற ஜல்லியில் மின்னுகிற துண்டு, எதையும் விடமாட்டாள். ஆனால் மெழுகுவத்தி வேறு ஜாதி. பனிக்கட்டிக் குவியல்போல ஒரு கைப்பிடி வெள்ளைப் படிகம்; அதன் நடுவில் சுட்டுவிரல் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கிற, டூர்மலின் என்கிற ஒரு நிறக்கல்; கீழே பாசிப் பச்சை, நுனியில் இளஞ்சிவப்பு, ஏற்றிவைத்த மாதிரி. வாங்கியது வெல்வெட்காரரிடம். கறுப்பு வெல்வெட் துணியில் வைத்து எல்லாக் கல்லையும் படமெடுத்து இணையத்தில் விற்கிறவர் அவர். கல் குழுவைத் தொடங்கியவரும் அவர்தான். குழுவின் சட்டத்தை எழுதியவரும் அவர்தான். யாராவது புதுக்கல் காட்டினால் பாராட்டவேண்டும். சந்தேகம் இருந்தால் தனியாக அவருக்கு எழுதவேண்டும். போலி, ஒட்டு, சாயம் என்ற வார்த்தைகளைப் பொதுவில் எழுதக்கூடாது. நல்ல சட்டம்தான், இல்லையா? திருடன் கையில் சாவி கொடுத்த மாதிரி.

பல்லக்கா சட்டத்துக்கு ஓரளவு கட்டுப்பட்டாள். சந்தேகப்பட்டவர்கள் கல்லைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தால் மட்டும் வாயைத் திறப்பாள். சிட்ரின் என்று வாங்கின மஞ்சள் கல்லின் அடி சுண்ணாம்பு வெள்ளையாகவும் நுனி தீய்ந்த ஆரஞ்சாகவும் இருந்தால், "இது செவ்வந்திக்கல்லை அடுப்புல போட்டு வறுத்தது" என்பாள். ரோஸ் நிறக் கல்லைப் பஞ்சில், நகப்பூச்சை அழிக்கிற அசிட்டோன் தொட்டுத் துடைப்பாள். பஞ்சு சிவந்தால் சாயம் என்று முகம் பார்த்துச் சொல்வாள். மயில்பச்சை மாலகைட்டைக் கன்னத்தில் வைப்பாள். கல்லென்றால் சில்லென்று இருக்கும், பிளாஸ்டிக் என்றால் உடனே உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். லென்ஸ் வைத்தால், கல்லென்று விற்ற கண்ணாடிக்குள் உருண்டைக் குமிழி தெரியும். "குமிழி போக்கறதுக்குன்னே நான் தட்டு வாங்கி வச்சிருக்கேன். எனக்கா தெரியாது?" என்பாள். ஒட்டு வேலை இருக்குமோ என்று பட்டால் திரையை இழுத்துவிட்டு ஊதா டார்ச்சை அடிப்பாள். பசை இருந்தால் பால் கலந்த நீலமாக மினுக்கென்று காட்டிக்கொடுத்துவிடும்.

இத்தனை கல்லுக்கு அடித்த டார்ச்சை மெழுகுவத்திமேல் மட்டும் அவள் ஒருமுறைகூட அடித்ததில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரு வியாழக்கிழமை, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற ஒரு பெண் குழுவில் ஆறு படம் போட்டாள். புதிதாகச் சேர்ந்தவள். "நாப்பது வயசுக்கு எனக்கு நானே வாங்கிக்கிட்டது. வெல்வெட் அண்ணன் குடுத்தது. எப்படி இருக்கு?" என்று எழுதியிருந்தாள். வெள்ளைப் படிகக் குவியல், நடுவில் நிமிர்ந்த டூர்மலின். மெழுகுவத்தியின் உடன்பிறப்பு என்றே சொல்லலாம். அருமை, அபாரம், கொடுத்து வைத்தவர் என்று மளமளவென்று பாராட்டு விழுந்தது.

பல்லக்கா மேசையில் ஒரு கடைவாய்ப்பல்லை மெருகேற்றிக்கொண்டிருந்தாள். மோட்டாரை நிறுத்திவிட்டுப் படங்களைப் பார்த்தாள். ஆறில் ஒன்றில்கூட அடிப்பக்கம் இல்லை. ஐந்தாவது படத்தைப் பெரிதாக்கினாள். நிலத்துக்குள் இரண்டு கல்லும் ஒன்றாக வளர்ந்திருந்தால் ஒன்றின் காலை மற்றது கவ்விக்கொண்டிருக்கும், பொடிப்பொடிப் படிகம் மேலே ஏறியிருக்கும். இங்கே பச்சைக்கல் வெள்ளைக்கல்லின்மேல் சுத்தமாக உட்கார்ந்திருந்தது, ஈறில் உட்கார்ந்த பல்லைப்போல. காலைச் சுற்றி மங்கலாக ஒரு வளையம். எவனோ கல்லை அரைத்துப் பசையில் குழைத்துப் பூசியிருக்கிறான். சந்து தெரியாமல் பூசுவது எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தனியாக எழுதியிருக்கலாம். யாருக்கு எழுதுவது, வெல்வெட்காரருக்கா? நரிக்கிட்டே போய் கோழி காணோம் என்று சொல்கிற மாதிரிதான். பொதுவிலேயே எழுதினாள்: "தங்கச்சி, அடிப்பக்கம் ஒரு போட்டோ போடும்மா. எனக்கு அது ஒட்டு மாதிரி தெரியுது. திருப்பிக் குடுக்க நாள் இருந்தா அதுக்குள்ள பாத்துடு."

அரைமணி நேரம் கழித்து வெல்வெட்காரர் வந்தார்.

"பல்லக்கா, வார்த்தையை அளந்து பேசணும். இந்தத் தங்கச்சியோட பீஸும் உங்க மெழுகுவத்தியும் ஒரே சுரங்கம், ஒரே கையில இருந்து எனக்கு வந்தது. அது ஒட்டுன்னா உங்களோடதும் ஒட்டு. ஒன்பது வருஷமா அதைக் காட்டிக் கைதட்டு வாங்கினது நீங்க. ஒண்ணு, ஞாயித்துக்கிழமைக்குள்ள மன்னிப்புக் கேட்டு எழுதுங்க. இல்லைன்னா, உங்க மெழுகுவத்தி போலின்னு உங்க கையாலயே எழுதுங்க."

என்ன சாமர்த்தியம் பாருங்கள்! கல் சேர்க்கிறவர்களின் மனசு அவருக்கு அத்துப்படி. தன் அலமாரியில் முதல் வரிசையில் நிற்கிற கல்லைத் தானே போலி என்று சொல்ல எவனுக்கும் நாக்கு எழாது என்று அவருக்குத் தெரியும். அடுத்த நிமிஷமே கும்பிடு எமோஜிகள் வந்து குவிந்தன. "விடுங்கக்கா, ஒரு மன்னிப்புல என்ன குறைஞ்சிடப் போறீங்க?" என்று போன மாதம் இவளிடம் கல்லைக் காட்டித் தப்பித்த ஒரு ஆளே எழுதினார். நர்ஸ் மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

பல்லக்கா எழுந்து முன்னறைக்குப் போனாள். கண்ணாடி அலமாரி, அறுபத்துநாலு கல். நடுத்தட்டின் நடுவில் மெழுகுவத்தி. ஊதா டார்ச்சை எடுத்துத் திரையை இழுத்தாள். கட்டைவிரல் பொத்தானில் இருந்தது. அழுத்தவில்லை. டார்ச்சைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்து கடைவாய்ப்பல்லை எடுத்தாள். மெருகு ஒரு ஓரத்தில் கூடிப்போயிற்று. பொம்பளக் கை அவசரப்படும் என்ற முதலாளி நினைவுக்கு வர, அவரை வாய்க்குள் திட்டினாள்.

சாயங்காலம் புருஷன் வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்து கேட்டார்.

"ஒரு வரி எழுதிட்டுப் போயேன். யாரு இதையெல்லாம் ஞாபகம் வச்சுக்கப் போறாங்க?"

"அந்த நர்ஸ் வச்சுக்குவா."

"சரி, அப்ப ஒண்ணு பண்ணு. யாருக்கும் தெரியாம நம்ம கல்லுல விளக்கடிச்சுப் பாரு. நல்லதா இருந்தா எல்லாருக்கும் காட்டு. இல்லைன்னா கம்முனு இருந்துடு. யாருக்குத் தெரியப்போகுது?"

அவள் அவரையே பார்த்தாள். அவர் சொன்னதைத்தான் அவள் மனசும் மத்தியானத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது. அதனாலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பாத்து வச்சுக்கிட்டுக் கம்முனு இருக்கறதைத்தாங்க அவரும் செய்யறாரு. நானும் அதையே செஞ்சா அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? எல்லாரும் பாக்கும்போதுதான் நானும் பாப்பேன். அசிட்டோன்ல போடறேன். நல்ல கல்லை அது ஒண்ணும் பண்ணாது, குளிச்சிட்டு எழுந்த மாதிரி வெளிய வரும். பசையா இருந்தாத்தான் விடும்."

"விட்டுட்டா?"

"விட்டுட்டா ஒன்பது வருஷம் நான் முட்டாளா இருந்திருக்கேன். அதை நானே சொல்லிடறேன். அந்த ஆள் எனக்கு எழுதிக் குடுத்து நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

புருஷன் சட்டையைக் கழற்றினார். "அந்தக் கல்லை நீ எப்ப வாங்கினன்னு எனக்குத் தெரியும்மா" என்றார். "அதான் சொன்னேன்."

குழுவில் அவள் எழுதியது இவ்வளவுதான்: "ஞாயிறு காலை பத்து மணி, என் இணையப் பக்கத்துல நேரலை. மன்னிப்பா போலியான்னு கேட்டீங்க. கல்லே சொல்லட்டும்."

ஞாயிற்றுக்கிழமை ஜன்னலைத் திறந்துவைத்தாள். அசிட்டோன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் அடுப்புக்கு விடுமுறை, புருஷனுக்கு பிரெட்டும் வாழைப்பழமும். மூடியுள்ள பெரிய கண்ணாடி ஜாடியை மேசையில் வைத்தாள். கைப்பேசிக்குத் தாங்கி இல்லாததால் கீல் வைத்த தாடை ஒன்றின் வாயில் கவ்வக் கொடுத்தாள். பத்து மணிக்கு மெழுகுவத்தியை எடுத்து நாலு பக்கமும் காட்டினாள். அடியையும் காட்டினாள். பிறகு குழந்தையைத் தொட்டியில் இறக்குகிற மாதிரி ஜாடிக்குள் இறக்கி, அசிட்டோன் ஊற்றி, மூடினாள்.

"இனிமே காத்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

இருநூறு பேர் ஒரு ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒருவரும் போகவில்லை. திட்டிக்கொண்டே பார்த்தார்கள். "என்ன நடக்குது?" "ஒண்ணும் நடக்கல." "இதுக்கு என் வீட்டுச் சுவத்தைப் பாத்துட்டு இருந்திருப்பேன்." "பின்னாடி தாடை சிரிக்குது, பயமா இருக்கு." பதினொன்றரைக்குப் புருஷன் பனியனோடு குறுக்கே வந்து, "வாழைப்பழம் எங்க வச்ச?" என்று கேட்டுவிட்டு, இருநூறு பேர் பார்க்கிறார்கள் என்று உறைத்ததும் குனிந்தபடியே ஓடினார். அன்றைக்கு அதிகம் சிரிப்பு வாங்கியது அதுதான்.

பன்னிரண்டரைக்கு வெல்வெட்காரர் எழுதினார். "கல் நிக்குது. நிக்கிற கல்லைப் பாத்தாவது மன்னிப்பு எழுதலாமே?"

பல்லக்கா ஜாடியைப் பார்த்தாள். ஆமாம், நின்றது. பச்சையும் சிவப்புமாக, நிமிர்ந்து, ஒன்பது வருடமாக நின்ற மாதிரியே. உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. தான் தோற்றாலும் பரவாயில்லை, ஊரறிய மன்னிப்புக் கேட்டாலும் பரவாயில்லை, இது நிற்கட்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. நில்லு, நில்லு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். முதலாளி மேசையில் மேலங்கியை வைத்துவிட்டுப் படியிறங்கியவளுக்குக் கிடைத்த ஒரே பதக்கம் அது.

இரண்டு மணிக்குக் கல்லின் காலடியிலிருந்து வெள்ளையாக ஒரு நூல் பிரிந்து மிதந்தது. அவள்தான் முதலில் பார்த்தாள். இரண்டரைக்கு நூல் இரண்டாயிற்று. "அது என்ன?" என்று யாரோ கேட்டார்கள். மூன்றே முக்காலுக்கு நுனியிலிருந்த இளஞ்சிவப்பு லேசாகத் தலை சாய்த்தது. பிறகு சறுக்கியது. ஜாடியின் அடியில் டிக் என்று ஒரு சத்தம். அதற்குப் பத்து நிமிஷம் கழித்துப் பச்சையும் இடம்விட்டு அசைந்து, மெதுவாகச் சாய்ந்து, ஜாடிச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது.

மூன்று துண்டு! ஒட்டுக்குள் இன்னொரு ஒட்டு. பச்சை ஒரு கல், சிவப்பு வேறொரு கல்.

பல்லக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கையுறை மாட்டினாள். இடுக்கியால் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் துணியில் வைத்தாள். வெள்ளைக் குவியலைத் திருப்பி, பச்சைக்கல் நின்ற இடத்தைக் கைப்பேசிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"பாத்துக்குங்க. உருண்டையா ஒரு ஓட்டை, சுவர் நேரா இருக்கு. பூமி இப்படி ஓட்டை போடாது. இது மெஷின்ல போட்டது. இதே அளவு துளைபோடற முனை என் மேசையில பன்னெண்டு கிடக்கு. மாவுத் தாடையில பின் இறக்க நான் தினம் போடற ஓட்டை இது. தினம் போடறவ, எனக்குத் தெரியல. தெரியலன்னு சொல்லக்கூடாது, தெரிஞ்சுக்க எனக்குப் பயம். மூணு கல்லும் அசல்தான். மூணும் ஒண்ணாப் பொறந்ததுன்னு சொன்னதுதான் பொய்."

ஓட்டையை மறுபடி பார்த்தாள். தொழில்காரி அல்லவா, வாய் சும்மா இருக்குமா!

"வேலை சுத்தம். அதையும் சொல்லணும். இதைச் செஞ்சவர் யாரோ, என் லேபுக்கு வந்தா நாளைக்கே ஒரு மேசை போட்டுக் குடுப்பேன்."

அதன்பிறகு நேராகக் கைப்பேசியைப் பார்த்தாள்.

"என் மெழுகுவத்தி போலி. நான் ஏமாந்தேன். என் கையால எழுதச் சொன்னீங்க, என் வாயாலயே சொல்லிட்டேன். இப்ப நீங்க சொல்லுங்க. என் கல்லும் அந்தத் தங்கச்சி கல்லும் ஒரே கையில இருந்து வந்தது, அது ஒட்டுன்னா இதுவும் ஒட்டுன்னு சொன்னது யாரு? நானா?"

தாடையின் வாயிலிருந்து கைப்பேசியைப் பிடுங்கி நேரலையை நிறுத்தினாள். ஐந்தாவது நிமிஷம் அவளைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். அதைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடுக்களைக்குப் போய் அழுதாள். நன்றாக, சத்தம்போட்டு, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். புருஷன் வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. அவருக்குத் தெரியும், அவள் அழும்போது யாராவது பக்கத்தில் போனால் அடுத்த திட்டு அவர்களுக்குத்தான்.

ஆறு மணிவாக்கில் போன் அடித்தது. நர்ஸ்.

"அக்கா, நானும் ஜாடியில போட்டுட்டேன்."

"நான் போடச் சொல்லலையேம்மா. திருப்பிக் குடுத்திருக்கலாமே."

"உங்களுக்காகப் போடல. எனக்குத் தெரியணும், அதான். நீங்க அதை எடுத்துக் காட்டினப்ப உங்க மூஞ்சியப் பாத்தேன். ஏமாந்தவங்க மூஞ்சி மாதிரியே இல்ல. நாமளும் பாத்துடலாம்னு ஒரு தைரியம் வந்துச்சு."

இரண்டு நாளில் அவள் இணையப் பக்கத்தில் படங்கள் வந்து குவிந்தன. ஊறுகாய் ஜாடியில், கண்ணாடித் தம்ளரில், மீன் வளர்க்கிற தொட்டியில் என்று பதினொரு பேர் தங்கள் கல்லைக் குளிப்பாட்டினார்கள். ஏழு கல் ஒன்றும் ஆகாமல் நின்றது. நாலு கல் காலை விட்டது, நர்ஸுடையதும் சேர்த்து. ஒருத்தர் அவசரத்தில் பிளாஸ்டிக் டப்பாவில் போட, கல் நின்றது, டப்பா கரைந்தது. நாலு கல்லும் யார் விற்றது என்று நான் சொல்லவேண்டுமா?

புதன்கிழமை வெல்வெட்காரரே கூப்பிட்டார். குரலில் தேன் வழிந்தது.

"தங்கச்சி, என்னையும் யாரோ ஏமாத்திட்டாங்கம்மா. நடந்தது நடந்துபோச்சு. அந்தத் துண்டுகளை எனக்கு அனுப்பிடு. அந்த வீடியோவையும் எடுத்துடு. பதிலுக்கு அசல் பீஸ் ஒண்ணு அனுப்பறேன். உன் அலமாரியிலயே அதுக்கு ஈடா ஒண்ணும் இருக்காது."

"அண்ணே, உங்களை ஏமாத்தியிருந்தா வாங்க, நீங்களும் எல்லாரும் பாக்க ஒரு ஜாடி வைங்க. நான் மூடி பிடிக்கிறேன்."

"அது எப்படிம்மா..."

"அப்ப துண்டும் கிடையாது, வீடியோவும் எடுக்க முடியாது. என் அலமாரியிலயே நல்ல பீஸ் இதுதான். விக்கறதுக்கு இல்ல." போனை வைத்தாள்.

அன்று சாயங்காலம் நடுத்தட்டின் நடுவில், மெழுகுவத்தி நின்ற அதே இடத்தில், மூன்று துண்டுகளையும் வரிசையாக வைத்தாள். வெள்ளைக் குவியலின் ஓட்டை பார்க்கிறவர்களுக்கு நேராகத் தெரிகிற மாதிரி திருப்பினாள். லேபில் தாடைக்குத் தாடை எழுதி ஒட்டுகிற அட்டை ஒன்றை எடுத்து, குண்டு குண்டான எழுத்தில் எழுதினாள்: "மூன்று கல், ஒட்டியது. ஒன்பது வருடம் ஏமாந்தது இந்த அலமாரிக்காரி."

புருஷன் வந்து படித்துப் பார்த்தார். "வர்றவங்க போறவங்க எல்லாம் படிப்பாங்களே?"

"படிக்கத்தான் எழுதினேன். திரையை இழுத்துப் பிடிங்க."

அறை இருட்டானது. பையிலிருந்து ஊதா டார்ச்சை எடுத்தாள். இந்தமுறை கட்டைவிரல் தயங்கவில்லை. மேல்தட்டின் இடது மூலையிலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுத்து, அடியைத் திருப்பி, ஒளி அடித்தாள். எட்டாவது கல்லின் இடுக்கில் பால் கலந்த நீலமாக மினுக்கென்று ஒரு கோடு. புருஷன் ஐயையோ என்றார். அவள் அதைத் தனியாக வைத்து அடுத்ததை எடுத்தாள். பத்தொன்பதாவதிலும் ஒரு கோடு.

"இன்னும் எத்தனை இருக்குமோ?" என்றார் அவர், திரையைப் பிடித்தபடி.

"எத்தனை இருந்தா என்ன?" என்றாள் பல்லக்கா. "அட்டை ஒரு கட்டு இருக்கு. நீங்க திரையை விட்டுடாதீங்க."